குமிழி நிற்கும் இடம்

குமிழி என்ற பெயரை அண்ணி முதன்முதலாகக் கேட்டது கல்யாணமாகி ஒன்பதாம் நாள். புருஷன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "குமிழி வருவான், அவனுக்குக் கொஞ்சம் எடுத்து வை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். புது வீடு, புது ஆட்கள். மாமியாருடைய அக்கா மகள் யார், மாமனாருக்குத் தங்கைகள் எத்தனை பேர் என்பதையே அவள் இன்னும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். குமிழி என்று ஒரு மனுஷனுக்குப் பெயர் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? காலையில் பின்பக்கத்து மதிலில் ஒரு பூனை உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தாள். அதுதான் போலிருக்கிறது என்று ஒரு தட்டில் பாலை ஊற்றிப் பின்கதவோரம் வைத்தாள்.

மத்தியானம் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு, தலை முதல் கால் வரை சிமெண்ட் தூளாக, பதினேழு வயசுக்காரன் ஒருவன் வந்து நின்றான். புருஷனுக்குத் தம்பி முறை, வெளியூர் வேலையில் மாட்டிக் கல்யாணத்துக்கு வராதவன்.

"அண்ணி, எனக்கு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

அண்ணியின் கண் மட்டும் தானாகத் தட்டுப் பக்கம் போயிற்று. அவனும் பார்த்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டை இரண்டு கையாலும் தூக்கி, ஒரே மூச்சில் குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்தான்.

"சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்றான்.

நாற்பத்தேழு வருஷமாக அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறான். யார் வீட்டுக்கு வந்தாலும், "எங்க அண்ணி எனக்கு முதல்ல வச்சது பூனைப் பாலு" என்றுதான் தொடங்குவான். அவன் தெருமுனையிலிருந்தே "அண்ணீ" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவதைக் கேட்டுக் கேட்டு, தெருவே அவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவள் வயசுக்காரர்களும் அண்ணி, அவளைவிட மூத்தவர்களும் அண்ணி. பால்காரருக்கும் அண்ணிதான்.

குமிழி என்ற பெயரை வைத்தவர் தரை போடும் மேஸ்திரி. பதினாலு வயசில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவன், கையில் ரசமட்டத்தைக் கொடுத்தால் அதையே பார்த்துக்கொண்டு நிற்பானாம். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி. தரை மட்டமாக இருந்தால் அது இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கும். ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் அந்தப் பக்கம் ஓடும். "டேய் குமிழி, அது உன்னைப் பார்க்குதா, நீ அதைப் பார்க்கறியா?" என்று மேஸ்திரி கேட்டது அப்படியே பெயராக நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி.

வேலையில் அவன் கெட்டிக்காரன். மாளிகையோ மருந்துக்கடையோ, அவன் பதித்த டைல்ஸில் ஒரு மூலைகூட மேலே எழும்பி நிற்காது. அதே கெட்டிக்காரத்தனம்தான் அவன் கல்யாணத்தையும் கெடுத்தது. ஒரு பெண் வீட்டாரோடு பேச்சு நடந்து, ஏறக்குறைய முடிவாகும் நேரம். முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனவன் சும்மா உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். "இந்த மூலை ரெண்டு நூல் இறங்கியிருக்கே, யாரு போட்டது?" என்று கேட்டான். போட்டவர் பெண்ணுடைய தாய்மாமன். அத்தோடு சரி. அதற்குப் பிறகு ஓரிரண்டு இடம் வந்தது, போனது. அவனும் அலட்டிக்கொள்ளவில்லை.

அண்ணிக்குப் பிள்ளைகள் இல்லை. சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளை தைக்கும் மெஷினில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் புருஷன் ஓர் அறுவைசிகிச்சைக்கு உள்ளே போய்த் திரும்பி வரவில்லை. சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டது அண்ணி. அதற்கடுத்த மாதம் குமிழி தன் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மாடி அறையில் குடியேறினான். கேட்டதற்கு, "நீங்க தனியா இருந்தா பூனைக்கெல்லாம் பால் வச்சுக்கிட்டு இருப்பீங்க" என்றான். அன்றிலிருந்து மூன்று வேளையும் கீழே வந்து சாப்பிடுவான். எதற்கும் "அண்ணி சொன்னா சரி" என்பான். சட்டை நிறத்திலிருந்து வேலையை ஒத்துக்கொள்வது வரை அண்ணி சொன்னால் சரி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. ரத்தம் போனதை நாலு மாதம் மூடி மறைத்தவன், ஒருநாள் வேலை செய்யும் இடத்தில் தலைசுற்றி விழுந்த பிறகுதான் வாயைத் திறந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் குடலில் ஒரு சாண் நீளத்தை வெட்டியெடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். பிறகு ஆறு மாதம் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கடைசியில், "நல்லா இருக்கீங்க, மூணு மாசத்துக்கு ஒருதடவை வந்து காட்டுங்க" என்றார்கள். இரண்டு தடவை போனான். மூன்றாவது தடவை ஒரு பள்ளிக்கூடத்துக் கூடம் போடுகிற வேலை. போகவில்லை.

"என்னப்பா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்னியே" என்று அண்ணி கேட்டாள்.

"ஒடஞ்ச டைல்ஸ எடுத்தாச்சு, வேற பதிச்சாச்சு, காஞ்சும் போச்சு. இன்னும் அதையே தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தா நல்லா இருக்கறதும் விட்டுரும் அண்ணி."

அண்ணிக்கும் அது சரியாகத்தான் பட்டது. கிழிந்ததை வெட்டி, ஒட்டுப் போட்டுத் தைத்துவிட்டால் அப்புறம் அந்தத் துணியைக் கொண்டுபோய் யார் தினமும் காட்டுவார்கள்?

பிறகுதான் தரை சாய ஆரம்பித்தது.

ஒரு காலை நேரம். குமிழி டீ டம்ளரோடு முன்னறையில் நின்று, காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, இந்த ரூம் வலது பக்கம் இறங்கியிருக்கு."

"நீ போட்ட தரைதானே. உங்க அண்ணன் கலவை தூக்கிக் குடுத்தாரு, நீ பதிச்சே. இருபத்திரண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் இறங்குச்சா?"

"பூமி உள்வாங்கியிருக்கும்."

"உன் வாயி உள்வாங்குனா நல்லா இருக்கும். டீ ஆறுது."

அவன் விடவில்லை. மாடிக்குப் போய் ரசமட்டத்தை எடுத்துவந்து தரையில் வைத்தான். குமிழி நடுவில் நின்றது. முன்பின்னாகத் திருப்பி வைத்தான். மட்டம் கெட்டிருந்தால் அப்படித் திருப்பும்போது தெரிந்துவிடும். அப்போதும் நடுவில்தான் நின்றது. தலையைச் சொறிந்தான். மறுநாள் கடைக்குப் போய்ப் புது மட்டம் ஒன்றை வாங்கிவந்து பழையதன் பக்கத்தில் வைத்தான். இரண்டு குழாயிலும் இரண்டு குமிழியும் நட்ட நடுவில்.

"ரெண்டும் பொய் சொல்லுது" என்றான்.

"ரெண்டும் சேர்ந்தா? பேசி வச்சுக்கிட்டு வந்துச்சா?"

"சிரிக்காதீங்க அண்ணி. நான் நடந்து காட்டறேன், பாருங்க." வாசல் கதவிலிருந்து சமையலறை வரை நடந்தான். "போகும்போது வலது பக்கம் இறங்குது." அங்கிருந்து திரும்பி வாசலுக்கு வந்தான். "வரும்போதும் வலது பக்கந்தான் இறங்குது."

அண்ணி ஜன்னலைப் பார்த்தாள், எதிர்ச் சுவரைப் பார்த்தாள். போகும்போது வலது பக்கம் என்றால் ஜன்னல். வரும்போது வலது பக்கம் என்றால் அலமாரி. இரண்டு பக்கமும் இறங்கியிருந்தால் நடுவில் மேடாக அல்லவா இருக்க வேண்டும்? கையை நீட்டி மடக்கிக் கணக்குப் போட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"அப்படி ஒரு தரை எங்கப்பா இருக்கு?"

"அதான் எனக்கும் புரியல" என்றான் குமிழி. ஐம்பது வருஷம் தரை போட்டவன்.

மூன்று நாள் யோசித்துவிட்டு ஜன்னலோரம் நாலு டைல்ஸைப் பெயர்த்தான். அடியில் மண் இறுகிக் காய்ந்து கல்லாக இருந்தது. கசிவு இல்லை, பொந்து இல்லை, எறும்புப் புற்றுகூட இல்லை. அண்ணன் தூக்கிக் கொடுத்த கலவையில் அவருடைய விரல் பட்ட தடம் ஒன்று மட்டும் இருந்தது. அதை இருவரும் பார்த்தார்கள். மறுபடி கலவை குழைத்து, கரணையால் பரப்பி, டைல்ஸைப் பதித்து, ரப்பர் சுத்தியலால் தட்டி முடித்தான். முடித்தவன் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிப்பா, சாப்பிடலாம்."

"அண்ணி, கையக் குடுங்க."

அண்ணி கையைக் கொடுத்தாள். அவன் எடையை அவளால் தாங்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அதைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"இடுப்பு புடிச்சுக்கிச்சு. வயசாகுதுல்ல."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளாத்தான்" என்றான். குமிழியின் கொஞ்ச நாள் என்றால் என்னவென்று அண்ணிக்குத் தெரியும். வண்டி பிடித்து எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அங்கே சீட்டு எழுதுகிற நர்ஸ் கேட்டாள்: "என்ன வேலை?"

"தரை போடறது. டைல்ஸ்."

"வேற நோய் ஏதாவது இருக்கா? சர்க்கரை, பிரஷர், வேற ஏதாவது?"

"ஒண்ணும் இல்லம்மா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியும் தலையை ஆட்டினாள். பொய் சொல்ல வேண்டும் என்று ஆட்டவில்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்றுதான் ஆட்டினாள். பின்னால் எத்தனையோ தடவை அந்தத் தலையாட்டலை நினைத்து, கழுத்தைப் பிடித்துத் திருகிக்கொள்ளலாமா என்றிருக்கும் அவளுக்கு. ஆனால் அந்த நிமிஷம் அந்தத் தலைக்குள் வேறு எதுவும் இருக்கவில்லை.

ஐம்பது வருஷம் மண்டி போட்டு வேலை செய்தவனுக்கு இடுப்பு வலி வந்தால் எந்த டாக்டருக்கும் ஆச்சரியம் இருக்காது. தைலம், மாத்திரை, காலைத் தூக்கி இறக்கும் பயிற்சி. ஐந்து வாரம். வலி குறையவில்லை. படுத்தாலும் வலித்தது, அதுதான் அவனுக்குப் புதிராக இருந்தது. "வேலை செஞ்சா வலிக்கணும், படுத்தா நிக்கணும். இது என்னா, லீவுலயும் வலிக்குது?" என்றான்.

மறுபடி போனார்கள். இந்தத் தடவை படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு படுக்கச் சொல்லி, இடுப்பை அழுத்திப் பார்க்கச் சட்டையைத் தூக்கினார். தொப்புளுக்கு மேலிருந்து கீழே இறங்கும் நீளத் தழும்பு.

"இது என்ன தழும்பு?"

"அதுவா, ரெண்டு வருஷம் முன்னாடி குடல்ல ஆபரேஷன்."

"எதுக்கு?"

"குடல்ல புத்து இருந்துச்சுங்க."

டாக்டர் சட்டையை மெல்லக் கீழே இறக்கினார். "போன தடவை கேட்டப்போ ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே?"

"இப்ப இல்லீங்களே" என்றான் குமிழி. "எடுத்துட்டாங்களே."

டாக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி குமிழியைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, கூரை மட்டமாக இருக்கிறதா என்று யோசிக்கிறவன் மாதிரி படுத்திருந்தான். அவர் மறுபடி எழுத ஆரம்பித்தபோது பழைய பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதினார்.

அங்கே என்னென்னவோ எடுத்தார்கள். ரத்தம், பெரிய குழாய்க்குள் தள்ளும் ஸ்கேன், கடைசியில் ஊசி விட்டு இடுப்பெலும்பிலிருந்து ஒரு துணுக்கு. புற்றுநோய்ப் பிரிவில் இருந்தவர் பெண் டாக்டர். பொறுமையானவர். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"பழைய நோய்தாம்மா திரும்பி வந்திருக்கு. குடல்ல இருந்தது இப்ப எலும்புல இருக்கு. இடுப்பெலும்புல, வலது தொடை எலும்போட மேல் பாகத்துல, முதுகெலும்புல ஒரு கண்ணியில."

"எலும்புல புத்தா?"

"எலும்புல இருக்கு. ஆனா எலும்புப் புற்றுநோய்னு சொல்ல மாட்டோம். குடல் புற்றுநோய்தான், எலும்புக்கு வந்திருக்கு. மருந்தும் அதுக்கு உண்டானதுதான் குடுப்போம்."

அண்ணி அப்படியே கேட்டுக்கொண்டாள். கேட்கக் கேட்க நூல் சிக்கிக்கொண்டது. குடலை வெட்டியெறிந்தாயிற்று. வெட்டியெறிந்த குடலுக்கு எதற்கு மருந்து? வலிப்பது எலும்பு. கிழிந்த இடத்தில்தானே ஒட்டுப் போடுவார்கள்? முட்டிக் கிழிசலுக்கு யாராவது காலரில் தைப்பார்களா?

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "தொடை எலும்பு உள்ள அரிச்சுப் போயிருக்கு. ஒரு தடவை தப்பா மிதிச்சா முறிஞ்சிரும். முறியறதுக்கு முன்னாடி உள்ள ஒரு கம்பி வச்சு, அப்புறம் கதிர்வீச்சு குடுக்கணும். நாள் கடத்தாதீங்க. அந்தக் கால ஊன்ற வேண்டாம், படி ஏற வேண்டாம். யாரு கையெழுத்துப் போடறீங்க?"

"அவரும் போடணும், சொந்தக்காரங்க ஒருத்தரும் போடணும்" என்று நர்ஸ் தாளை நீட்டினாள்.

குமிழி சொன்னான்: "அண்ணி சொன்னா சரி."

அண்ணி சொல்லவில்லை. "ரெண்டு நாள் குடுங்க" என்று தாளைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

அவள் மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இது வேறு யாருடைய ஃபைலோ. எலும்புக்கு வந்தவனைப் பழைய குடல் கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். சட்டைக் கம்பெனியில் பார்த்ததில்லையா, ஒரு கட்டுச் சட்டைக்கு இன்னொரு கட்டின் கை போய்விடும். தைத்த பிறகுதான் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று தெரியும். நல்ல காலைக் கிழித்துக் கம்பியை நுழைத்துவிட்டால் பிறகு பிரித்துத் தைக்க முடியுமா?

இரண்டு நாள் நாலு நாளாயிற்று. குமிழி படி ஏறக் கூடாது என்றார்கள், இறங்காவிட்டால் ஏறவும் வேண்டாமே என்று வீடு வந்ததும் ஏறிப்போய் அவன் மாடியிலேயே இருந்தான். அண்ணி சாப்பாட்டை மேலே தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் இவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அவன் இறங்கி வந்து முன்னறையில் நிற்பான். கேட்டால், "தரை காஞ்சிருச்சான்னு பார்த்தேன்" என்பான்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் ஃபைல் கொடுக்கும் ஜன்னலுக்குப் போய் நின்றாள். உள்ளே இருந்தவர் மூன்று தடவை எடுத்துக் காட்டினார். பெயர் அவன் பெயர். வயசு அவன் வயசு. தெரு, வீட்டு எண், கையெழுத்து என்று அவன் போடும் கிறுக்கல் உள்பட எல்லாம் சரி. "நல்லாப் பாருங்க" என்றாள். "அம்மா, இதுக்கு மேல பாக்கணும்னா அவரையே கூட்டிட்டு வந்து ஃபைலுக்குள்ள உக்கார வைக்கணும்" என்றார் அவர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணிக்கும் சிரிப்பு வந்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

தங்கை மகள் ஒருத்தி இருக்கிறாள், போன் கடையில் வேலை. அவளைக் கூப்பிட்டு ரிப்போர்ட்டைக் கொடுத்தாள். அவள் போனைத் தடவித் தடவிப் படித்துவிட்டு, "பெரியம்மா, டாக்டர் சொன்னது சரிதான். அந்தக் குடல் செல்லு ரத்தத்தோட போயி எலும்புல குடியிருக்கு" என்றாள்.

"எலும்புக்குப் போயிட்டா அது எலும்பு நோய்தானே?"

"உங்க கொழுந்தன் மாடிக்குக் குடி போனாரே, மாடிக்காரர் ஆயிட்டாரா? உங்க கொழுந்தனாத்தானே இருக்காரு?"

"அவன் மாடியில இருந்துக்கிட்டுக் கூரையையா அரிக்கிறான்?"

தங்கை மகள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு டீ கேட்டாள்.

அன்று சாயங்காலம் சாப்பாடு கொண்டுபோனபோது குமிழி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அண்ணி, ஒரு வருஷம் முன்னறையில தரை தூக்கிக்கிச்சே, ஞாபகம் இருக்கா? அலமாரியோரமா நாலஞ்சு டைல்ஸு. அங்க தண்ணியே கிடையாது. தேடித் தேடிப் பார்த்தா குளியலறைக் குழாயில கசிவு. கசிஞ்சது அங்க, ஊறித் தூக்குனது இங்க. இதுவும் அப்படித்தான் போல."

அண்ணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அந்த வருஷம் நன்றாக ஞாபகம் இருந்தது. "அந்தக் குழாயத்தான் நீ மாத்திட்டியே. மாத்துனதும் நின்னுருச்சே. உன் குடலையும்தான் மாத்துனாங்க. அப்பவே எல்லாம் நின்னுருக்கணுமே?"

"மாத்துறதுக்கு முன்னாடியே ஊறியிருந்தா?"

"அப்ப மாத்துனது எதுக்கு?"

குமிழி தட்டை வாங்கிக்கொண்டான். அவனுக்கும் அதற்கு மேல் தெரியவில்லை என்பது அவன் மென்ற விதத்திலேயே தெரிந்தது.

ஒன்பதாம் நாள் காலை. அண்ணி சமையலறையில் இருந்தாள். மாடிப்படியில் ஏதோ சத்தம். கால் வைக்கும் சத்தமாக இல்லை. துணி உரசுகிற சத்தம், ஒரு தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி உரசல், தட்டு. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள்.

குமிழி படியில் உட்கார்ந்து, பின்புறத்தால் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தான். கையில் ரசமட்டம். ஒவ்வொரு படியிலும் அதை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த படிக்கு நகர்ந்தான். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"என்னப்பா கூத்து இது? படி இறங்காதன்னு சொன்னாங்கல்ல?"

"இறங்கலையே, வழுக்கிட்டுத்தானே வரேன்." கடைசிப் படியில் மட்டத்தை வைத்தான். பார்த்தான். "பதினேழு படியும் மட்டமா இருக்கு அண்ணி. ஒண்ணுகூட இறங்கல."

"அதுக்கு?"

"நான் இறங்கும்போது எல்லாம் வலது பக்கம் சாயுது."

அவனைத் தூக்கி நிறுத்த அண்ணிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சுவரில் கையை ஊன்றி, இடது காலில் நின்றான். வலது கால் பெருவிரல் மட்டும் தரையில் பட்டுக்கொண்டிருந்தது. மட்டத்தைப் பின்பக்கமாக அவளிடம் நீட்டினான்.

"இதை என் இடுப்புல வச்சுப் பாருங்க. ரெண்டு எலும்பும் முட்டிக்கிட்டு நிக்குதுல்ல, அது மேல. எனக்குப் பின்னால கண்ணு இல்ல."

"வேற வேலை இல்லையா உனக்கு?"

"வைங்க அண்ணி."

அண்ணி வைத்தாள். சட்டைக்கு மேலேயே அவன் இடுப்பெலும்பு இரண்டும் கைக்குத் தட்டுப்பட்டன. இவ்வளவு மெலிந்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடி போடவில்லை, குனிந்து பார்த்தாள். குழாய்க்குள் குமிழி ஓடி, கோட்டைத் தாண்டி, ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கையை ஆட்டாமல் இன்னொரு தடவை வைத்தாள். அதேதான்.

"குமிழி எங்க நிக்குது?"

நடுவில் என்று சொல்லிவிடலாம். அவனால் பார்க்க முடியாது. சொன்னால் இன்னும் இரண்டு நாள் கிடைக்கும். அந்த இரண்டு நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"ஓரத்துல" என்றாள்.

"எந்த ஓரத்துல?"

"இடது."

"குமிழி இடது போச்சுன்னா வலது இறங்கியிருக்கு." தொழில்காரன் குரலில் சொன்னான். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அப்ப தரை சரி" என்றான்.

"தரை சரிதான்ப்பா."

"நான் போட்ட தரை அண்ணி, அது எப்படி இறங்கும்? நான்தான்."

அண்ணி நாற்காலியை இழுத்து அவனை உட்கார வைத்தாள். வண்டிக்காரருக்குப் போன் செய்தாள். மாற்றுச் சட்டை, துண்டு, ஃபைல் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தாள். கண்ணாடியைத் தேடினாள், அது தலையில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் மறைக்காமல் சொன்னாள். "எனக்குப் புரியலம்மா. ஒன்பது நாளா யோசிச்சுட்டேன். குடல்ல இருந்தது எலும்புக்கு எப்படி வந்துச்சு, எடுத்ததுக்கு அப்புறம் எப்படி வந்துச்சு, ஒண்ணும் புரியல. இவன் குழாய்க் கசிவுங்கறான். அப்படியா?"

டாக்டர் யோசித்தார். "கிட்டத்தட்ட அப்படித்தாம்மா. எடுக்கறதுக்கு முன்னாடியே கண்ணுக்குத் தெரியாத அளவுல கொஞ்சம் ரத்தத்துல போயிருக்கும். அப்ப எந்தப் படத்துலயும் தெரிஞ்சிருக்காது."

"அப்ப அந்த ஆறு மாச மருந்து?"

"அந்த மாதிரி மிச்சத்துக்காகத்தான் குடுத்தோம். சில பேருக்கு எல்லாம் போயிடும். சில பேருக்குக் கொஞ்சம் தப்பிச்சுக்கும்."

"ஏன் இவனுக்குத் தப்பிச்சுது?"

"அது எங்களுக்கும் தெரியாதும்மா."

டாக்டருக்கே தெரியாது என்றதும் அண்ணிக்கு என்னவோ மாதிரி ஆயிற்று. கோபமா, ஆறுதலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "நான் நர்ஸம்மாகிட்ட தலையாட்டினேன். அந்த அஞ்சு வாரம் போச்சு. அதனாலயா?" என்று கேட்டாள்.

"அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துருச்சு. அதை மனசுல வச்சுக்காதீங்க. இப்ப கையெழுத்துப் போட்டா எலும்பு முறியாம காப்பாத்திடலாம். நோய் முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன். அடக்கி வைக்கலாம், வலியக் குறைக்கலாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"பார்த்துக்கிட்டே போகணும்."

அண்ணி பேனாவை வாங்கினாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்தும் இதே மாதிரி கட்டத்துக்குள்தான். சக்கர நாற்காலியில் இருந்த குமிழி எட்டிப் பார்த்து, "கோணலாப் போடாதீங்க, கோட்டு மேல போடுங்க" என்றான்.

"வாய மூடு. புரியாமயே போடறேன், அதுவே பெரிசு."

போட்டாள். மறுநாள் காலை தொடை எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். இரண்டு மணி நேரம் என்றார்கள், மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அண்ணி வராண்டா தரையின் டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தாள். நூற்று எழுபத்தெட்டு வந்தது. மறுபடி எண்ணினால் நூற்று எண்பத்தொன்று. மூன்றாம் தடவை எண்ணும்போது கதவு திறந்து, அவனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது. அவளைப் பார்த்து, "பூனைப் பாலு இருக்கா?" என்றான். நர்ஸ் மயக்கத்தில் உளறுகிறார் என்றாள். அண்ணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

பிறகு பத்து நாள் கதிர்வீச்சு. மாதம் ஒருமுறை எலும்புக்கு ஓர் ஊசி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழையபடி மருந்து ஏற்றுவது. எந்த மாத்திரை எதற்கு என்று தங்கை மகள் டப்பாக்களில் வண்ணத் தாள் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். பச்சை குடலுக்கு, மஞ்சள் எலும்புக்கு, சிவப்பு வலிக்கு. இருந்தாலும் அண்ணி ஒவ்வொரு தடவையும் பச்சையைக் கையில் எடுத்துக்கொண்டு, வலிப்பது இங்கே, மாத்திரை அங்கே என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் கொடுக்கிறாள். வலி முக்கால்வாசி குறைந்திருக்கிறது. முதுகில் இருப்பது என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த ஸ்கேன் இரண்டு மாதம் கழித்து.

மாடி அறை பூட்டியிருக்கிறது. குமிழி இப்போது கீழே, அண்ணி வீட்டு முன்னறையில், அவன் பெயர்த்து மறுபடி பதித்த நாலு டைல்ஸின் மேல் போட்ட கட்டிலில் இருக்கிறான்.